முகூர்த்தம் நாயனத்துக்கு, முன்மாலை வயலினுக்கு

கன்னிவாடி, தருமத்துப்பட்டி, ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தில் வருகிற தையில் கல்யாணம் வைத்திருக்கும் பெண்வீட்டாருக்கும் மாப்பிள்ளைவீட்டாருக்கும் ஒரு வார்த்தை.

கார்த்திகை பிறந்துவிட்டது. மார்கழி ஒன்றைத் தாண்டினால் தை. மண்டபத்துக்கு அட்வான்ஸ் போயிருக்கும். சமையல்காரரிடம் வெற்றிலை பாக்கு மாற்றியிருப்பீர்கள். இந்த நேரத்தில்தான் வீட்டுப் பிள்ளைகள் போனில் ஒரு வீடியோவைக் காட்டி, “அப்பா, நம்ம ரிசப்ஷனுக்கும் இந்த மாதிரி வயலின் வைக்கலாம்ப்பா” என்று ஆரம்பித்திருப்பார்கள். நான் இந்த வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறவன். கல்யாணங்களுக்கு வாசிக்கவும் போகிறவன். என்னைக் கூப்பிடுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. நீங்கள் யாரைக் கூப்பிட்டாலும் வாசிப்பது உங்கள் காதில் விழ வேண்டும், கொடுத்த காசு வீணாகக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயலின் வைப்பது என்று முடிவானால், “யாரைப் பிடிக்கலாம்?” என்று கேட்பதற்கு முன்னால் “எந்த வேளைக்கு?” என்று கேளுங்கள். இரண்டு நாள் கல்யாணத்தில் வயலினுக்கு ஏற்ற வேளை ஒன்று இருக்கிறது. அந்த வேளையில் நடுத்தரமான வித்வான் வாசித்தாலும் கூட்டம் கேட்கும். வேளை தப்பினால் பேர் வாங்கிய வித்வானே வந்தாலும் காற்றோடு போய்விடும்.

வயலினுக்கு ஒவ்வாத வேளையை முதலில் பேசிவிடலாம். அது முகூர்த்தம். “நாயனம் வேண்டாம், சத்தம் ஜாஸ்தி. தாலி கட்டும்போது வயலின் இருந்தால் டீசன்டா இருக்கும்” என்கிற பேச்சு இப்போது அங்கங்கே காதில் விழுகிறது. தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். அந்தச் சத்தத்துக்காகத்தான் நாயனமும் தவிலும் மணவறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று பெரியவர்கள் குரல் கொடுப்பதே, தாலி ஏறுகிற நிமிஷத்தில் ஒரு தும்மலோ ஆகாத ஒரு சொல்லோ யார் காதிலும் விழக்கூடாது என்பதற்காக. அட்சதையோடு எழுந்து நிற்கிற அத்தனை ஜனத்தின் பேச்சையும் அமுக்கிக்கொண்டு தவில் எழ வேண்டும். நாலு கம்பியும் ஒரு வில்லும் அந்த வேலைக்குப் போதாது. மைக் வைத்து ஏற்றினால் சத்தம் வரலாம், கெட்டிமேளம் வராது. மாப்பிள்ளை அழைப்பும் அப்படித்தான். ஆச்சா மரத்தில் கடைந்த நாயனம் வீதிக்கென்றே ஆனது. மல்லாரி வாசித்தபடி சாமி புறப்பாட்டுக்கு முன்னால் நடக்கிற வாத்தியம். நம் பக்கத்தில் உறுமி முழங்காமல் ஊர்வலம் கிளம்பாத குடும்பங்களும் உண்டு. அதையும் அதன் இடத்தில் விட்டுவிடுங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நாயனக்காரரும் தவில்காரரும் கல்யாண மாதங்களை நம்பி வருஷத்தை ஓட்டுகிறவர்கள். ஆடியிலும் மார்கழியிலும் அவர்களுக்குக் கல்யாண வேலை கிடையாது. வயலினுக்கு ஆகும் செலவை அவர்கள் சம்பளத்தில் கழிப்பது வயலின்காரனான எனக்கே உடன்பாடில்லை. மேடை அலங்காரப் பூவில் கொஞ்சம் குறைத்தால் தாராளமாக வந்துவிடும்.

“வயலின் எல்லாம் மெட்ராஸ் சபாக்காரங்களுக்கு, நம்ம ஊருக்கு எதுக்கு?” என்று தாத்தாக்கள் கேட்டால் அவர்களுக்கும் பதில் இருக்கிறது. இந்த வாத்தியம் நம் சங்கீதத்துக்குள் வந்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், 1786-ல் பிறந்தவர். குடும்பம் மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் மணலியில் இருந்தபோது, செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர் பேண்டு வாசிப்பதைக் கேட்கும் வாய்ப்பு வந்தது. தம்பிக்கு ஒரு ஐரோப்பியரை வைத்து வயலின் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு ஆனது. பாலுசுவாமி அதைக் கர்நாடக சங்கீதத்துக்குப் பழக்கினார். பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தானத்தின் வித்வானாக இருந்தார். தம்பிக்கு அங்கே கல்யாணம் என்று கேள்விப்பட்டுத்தான் முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்துக்குக் கிளம்பினார் என்றும் சொல்வார்கள். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு, திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் 1834-ல் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. தமிழிசை ஆராய்ச்சியில் பெரிய பேரான தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டவர். தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்தவர். இளைஞராக ஆசிரியர் பயிற்சிக்கு வந்த இடம் நம் திண்டுக்கல். அங்கே சடையாண்டிப் பத்தர் என்பவரிடம்தான் அவர் வயலின் கற்றார். அதாவது 19-ஆம் நூற்றாண்டிலேயே வெளியூர்ப் பிள்ளைக்குப் பிடில் சொல்லிக்கொடுக்கிற ஆள் திண்டுக்கல்லில் இருந்திருக்கிறார். இந்த வாத்தியத்தை அந்நியம் என்று நாம் ஒதுக்க வேண்டியதில்லை.

இந்தக் கதைகளில் எல்லாம் ஒரு சங்கதி பொதுவாக வருகிறது, கவனியுங்கள். வயலின் வாசிக்கப்பட்டது பிரபுக்களின் கூடத்தில், சமஸ்தானத்தின் சபையில், குருவின் வீட்டுத் திண்ணையில். வீதியில் யாரும் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கவில்லை. உட்கார்ந்து வாசித்தார்கள், உட்கார்ந்து கேட்டார்கள். கல்யாணத்தில் நாம் தேட வேண்டியதும் ஜனங்கள் உட்கார்ந்திருக்கிற வேளையைத்தான்.

நம் மண்டபங்களில் அது முதல் நாள் சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழு மணி வரை. வாசலில் வாழைமரம் கட்டியாகிவிட்டது. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வேனிலிருந்து இறங்கி முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்கிறார்கள். காபியும் கேசரியும் வருகிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் இன்னும் அலங்காரத்தில் இருக்கிறார்கள், மேடை காலியாக இருக்கிறது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாததால் ஜனங்களுக்குக் காது திறந்திருக்கும். வயலினுக்கு இதைவிட நல்ல வேளை கிடையாது. ஏழு மணிக்கு ஜோடி மேடை ஏறியதும் கதை மாறிவிடும். போட்டோவுக்கு வரிசை, மொய் மேஜையில் பேரும் ஊரும் கேட்கிற சத்தம், பந்திக்கு ஓட்டம். அப்போது கீபோர்டு, டிரம் பேடோடு ஒரு லைட் மியூசிக் குழு இருந்தால் தாக்குப்பிடிக்கும். தனி வயலின் தாக்குப்பிடிக்காது. எட்டரை மணிக்குப் பந்திக் கூடத்தின் ஓரமாக உட்கார்ந்து வாசித்த அனுபவத்தில் சொல்கிறேன்: பரிமாறுகிறவர் “சாம்பார், சாம்பார்” என்று வருகிற வேகத்துக்கு எந்த ராகமும் ஈடு கொடுக்காது.

பெரிய மண்டபத்தைவிட வயலினுக்குப் பொருத்தமான விசேஷங்கள் உங்கள் வீட்டுக்குள்ளேயே நடக்கின்றன. நிச்சயதார்த்தம் ஒன்று. அறுபது பேர், ஒரே கூடம், ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். வளையல் போடுகிற வளைகாப்பு இன்னொன்று. நிறைமாதப் பெண்ணைச் சுற்றிப் பெண்கள் கூடி நிதானமாக நடக்கிற சடங்கு அது, மைக்கே இல்லாமல் வாசிக்கலாம். அறுபதாம் கல்யாணத்தில் பேரன் பேத்திகளோடு எல்லாரும் உட்கார்ந்து பேசுகிற மத்தியானம் ஒன்று வரும். நலங்கு, ஊஞ்சல் வழக்கமுள்ள வீடுகளில் பெண்கள் பாடுகிற பாட்டுக்குக் கூடவே ஒரு வயலின் போனால் பாடுகிறவர்களுக்கே தெம்பு வரும். “பட்ஜெட் இடிக்குது, ரிசப்ஷனுக்கு முடியாது” என்கிற வீட்டார், நிச்சயத்துக்கு ஒரு மணி நேரம் வையுங்கள். அதுவே எல்லாருக்கும் நினைவில் நிற்கும்.

அடுத்தது என்ன வாசிப்பது. வயலின் என்றாலே அழுகை என்று நம் ஜனங்கள் மனசில் பதிந்துவிட்டது. தப்பு அவர்கள் மேல் இல்லை. சினிமாவில் யாராவது சாகும்போதும் பிரியும்போதும் வயலினைத்தானே இழுத்தார்கள். சுபபந்துவராளி, சிவரஞ்சனி, முகாரி மூன்றையும் கல்யாணப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அருமையான ராகங்கள்தான், வாசிக்க வேறு நாள் வரும். கல்யாணத்துக்கு அம்சத்வனி, மோகனம், கல்யாணி, பிலஹரி, ஆனந்தபைரவி, பேஹாக், கதனகுதூகலம் இருக்கின்றன. அம்சத்வனியில் ஆரம்பிப்பதற்கு ஒரு நியாயமும் உண்டு. அந்த ராகத்தை உண்டாக்கியவர் ராமசுவாமி தீட்சிதர் என்பார்கள். கச்சேரி தொடங்க எல்லாரும் எடுக்கும் ‘வாதாபி கணபதிம்’ கீர்த்தனையை அந்த ராகத்தில் செய்தவர் அவர் மூத்த மகன் முத்துசுவாமி. அதை வாசிக்கிற வாத்தியத்தை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர் இளைய மகன் பாலுசுவாமி. அப்பா, அண்ணன், தம்பி மூன்று பேரும் சேர்ந்து உங்கள் வீட்டு விசேஷத்தைத் தொடங்கி வைக்கிறார்கள்.

சங்கீதம் தெரியாத கூட்டம் என்று தயங்கினால் நோட்டுஸ்வரத்தைக் கேளுங்கள். கோட்டையில் கேட்ட பேண்டு மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாகித்யம் செய்துவைத்தார். சின்னச் சின்னதாக, துள்ளலாக இருக்கும். குழந்தைகள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். மதுரை மணி ஐயர் பாடிப் பிரபலமாக்கிய ‘இங்கிலீஷ் நோட்’டும் அதே வகை. அதற்குப் பிறகு கூட்டம் உங்கள் கையில்.

சினிமாப் பாட்டு கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகக் கூடும். நம் கொடைக்கானல் மலைக்குத் தெற்கே கம்பம் பள்ளத்தாக்கில் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 1986-ல் ‘ஹவ் டு நேம் இட்’ என்று முழுக்க வாத்திய இசையாகவே ஒரு தொகுப்பு போட்டார். தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் சமர்ப்பணம் செய்த அந்தத் தொகுப்பில் வி. எஸ். நரசிம்மனின் வயலினைக் கேட்டவர்களுக்கு, சினிமாக்காரர் வயலின் என்று இளக்காரமாகப் பேச வாய் வராது. ஆனால் பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைப் பாருங்கள். வயலினில் வார்த்தை கிடையாது. கேட்கிறவர் மனசில் வார்த்தை ஓடிக்கொண்டே இருக்கும். மெட்டு இனிமையாக இருக்கிறதே என்று காதல் தோல்விப் பாட்டு ஒன்றைப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். முன்வரிசை மாமா அதன் இரண்டாவது அடியை வாய்க்குள் முணுமுணுக்கிறபோதுதான் விஷயம் புரியும். அதனால் பட்டியலை வீட்டில் வயசான ஒருவரிடமும் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றிடமும் காட்டிவிடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குப் பன்னிரண்டு உருப்படி போதும். நாலு கீர்த்தனை, நாலு சினிமா, மிச்சம் வித்வான் இஷ்டம். அந்த மிச்சத்தைக் கட்டாயம் விடுங்கள். அவருடைய நல்ல வாசிப்பு அங்கேதான் வரும்.

சினிமாப் பாட்டு வாசித்தால் ராயல்டி கட்ட வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினாலும் கலங்க வேண்டாம். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கல்யாணச் சடங்குகளுக்கும் அதையொட்டிய விசேஷங்களுக்கும் விலக்குக் கொடுத்திருக்கிறது. 2023 ஜூலையில் ஒன்றிய அரசு ஒரு பொது அறிவிப்பில் இதைத் திரும்பவும் தெளிவுபடுத்தியது.

இனிமேல் சொல்லப்போவது என் தொழிலுக்கு உள்ளே இருக்கிற சமாசாரம். வீடியோவில் பார்க்கிற வயலின் பலவும் நேரடி வாசிப்பு இல்லை. பென் டிரைவில் முழுப் பாட்டும் ஓடும். அதில் வயலினும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். மேடையில் நிற்பவர் அதற்கு வில்லை ஆட்டிக்கொண்டிருப்பார். ஒரு விசேஷத்தில் என்னிடமே, “சும்மா வில்லை மட்டும் அசைங்க சார், சவுண்டை நாங்க பார்த்துக்கிறோம்” என்றார்கள். பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். டிராக் என்பதே கூடாது என்று சொல்லவில்லை. தாளத்துக்கும் பின்னணிக்கும் டிராக் வைத்து, வயலினை மட்டும் நேரடியாக வாசிப்பது நேர்மையான ஏற்பாடு, செலவும் குறையும். ஆனால் எது டிராக், எது கை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பேசும்போதே கேளுங்கள்: “வயலின் முழுக்க லைவா? கூட மிருதங்கமோ தபலாவோ வருதா, இல்லை டிராக்கா?” ஒளிவுமறைவில்லாதவர் உடனே சொல்வார். எடிட் பண்ணிய வீடியோவை நம்பாமல், வேறு விசேஷத்தில் யாரோ போனில் பிடித்த ஐந்து நிமிஷத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இன்னும் நல்லது, அவர் வாசிக்கிற வேறொரு விசேஷத்துக்குப் போய்ப் பின்வரிசையில் பத்து நிமிஷம் நின்று கேட்பது.

உட்கார்ந்து வாசிப்பவரா, நின்று வாசிப்பவரா என்பதையும் கேட்க வேண்டும். கர்நாடக முறையில் பழகியவர் சம்மணமிட்டு, வயலினின் தலைப்பகுதியை வலது கணுக்காலில் ஊன்றி, இன்னொரு முனையை மார்பில் சாய்த்து வைத்துக்கொள்வார். வாத்தியத்தைத் தாங்குகிற வேலை இடது கைக்கு இல்லாததால்தான் விரல் கம்பி நெடுக வழுக்கிப் போய் கமகம் வருகிறது. அவரைப் பார்த்து “ரிசப்ஷன் லுக்குக்கு எழுந்து நின்னு, பெண்ணு வரும்போது கூடவே நடந்து வாசிங்க” என்றால், பாதி வித்தையை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்வதாகத்தான் அர்த்தம். நடந்து வாசிப்பவர் வேண்டுமென்றால் தோளில் வைத்து மேற்கத்திய முறையில் பழகியவரைத் தேடுங்கள். இரண்டுமே நல்ல வித்தைதான். ஒருவரிடம் மற்றவர் வேலையைக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். உட்கார்ந்து வாசிப்பவருக்கு ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மேடை, மேலே ஜமுக்காளம், தலைக்கு மேல் மின்விசிறி சுற்றாத இடம் இருந்தால் போதும். ஹாலஜன் விளக்கை அவர் முகத்துக்கு நேரே திருப்பாதீர்கள்; சூட்டில் கம்பி சுருதி இறங்கும், திரும்பத் திரும்பப் பிருடையை முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

ரேடியோ செட்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் அவர்கள் கில்லாடிகள். தெருவெல்லாம் குழாய் கட்டி ஊரையே எழுப்பிவிடுவார்கள். அதே செட்டில் வயலினைப் போட்டால் கம்பி கீச்சிடும். எக்கோவை முழுக்க அணைத்துவிட்டு, ட்ரெபிளைக் குறைத்து, கூடத்துக்குள் மட்டும் இரண்டு பாக்ஸ் வைக்கச் சொல்லுங்கள். குழாய் வேண்டாம். வித்வானும் செட்காரரும் ஜனங்கள் வருவதற்கு முன்னால் அரை மணி நேரம் சேர்ந்து சரிபார்க்க வேண்டும். கரண்டு போய் ஜெனரேட்டர் மாறுகிற இடைவெளியில் எலெக்ட்ரிக் வயலின் ஊமையாகிவிடும். மர வயலின் என்றால் அப்போதும் வாசிக்கலாம். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் வருஷத்திலிருந்து இருக்கிற விதி. முன்மாலையில் வைப்பவர்களுக்கு அந்தக் கவலையும் இல்லை.

நாயனத்தையும் வயலினையும் சேர்த்து வாசிக்க வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வைக்கலாம், யோசித்து வையுங்கள். குன்னக்குடி வைத்தியநாதன் வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலோடு வயலினை இணைத்து ஊர் ஊராகக் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர். தவிலுக்கு முன்னால் வயலின் நிற்குமா என்ற கேள்விக்கு அவரே பதில். ஆனால் அது கல்யாணத்துக்கு அன்றைக்குக் காலையில் சேர்த்துக்கட்டிய கூட்டணி இல்லை. இரண்டு பெரிய வித்வான்கள் ஒருவர் கையை ஒருவர் அறிந்து வாசித்தது. நாயனத்தின் சுருதி துளையிலேயே முடிவாகிவிட்டது. வயலின்தான் அதற்கு ஏறியோ இறங்கியோ வர வேண்டும். இரண்டு கட்டையா, இரண்டரையா என்று இரு தரப்பையும் முதலிலேயே பேசவைத்துவிடுங்கள். வரவேற்பின் தொடக்கத்தில் சேர்ந்து ஒரே ஒரு உருப்படி வாசித்தால் அழகாக இருக்கும். அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

கொடைக்கானலில் ரிசார்ட் எடுத்துக் கல்யாணம் வைக்கிற வீட்டாருக்குத் தனியாகச் சில வார்த்தை. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை மாதச் சாயங்காலத்தில் அங்கே புல்வெளியில் மேடை போட்டால் போட்டோ நன்றாக வரும், வயலின் வராது. பனியின் ஈரத்தை வில்லிலுள்ள குதிரைமுடி உறிஞ்சித் தொய்ந்துவிடும். மரப் பிருடை ஊறிப் பிடித்துக்கொள்ளும். விரல் விறைத்தால் வேக காலம் வராது. கண்ணாடிக் கூடத்துக்குள் வையுங்கள். கீழேயிருந்து வருகிற வித்வான் பெட்டியைத் திறந்த பிறகு, வாத்தியம் அந்தக் குளிருக்குப் பழக ஒரு மணி நேரமாவது விடுங்கள். பன்றிமலை, ஆடலூர்ப் பக்கம் எஸ்டேட் வீடுகளில் விசேஷம் வைப்பவர்களும் இதைக் கவனத்தில் கொள்ளுங்கள். சின்னக் கூட்டம், அமைதியான இடம், வயலினுக்கு அருமையான சூழல். மலைச்சாலையில் பொழுது சாய்ந்த பிறகு இறங்கச் சொல்லாமல், ராத்தங்க ஓர் அறை கொடுத்துவிடுங்கள்.

கல்யாணத்தோடு விட்டுவிட வேண்டாம், வருஷம் முழுக்க இந்த வாத்தியத்துக்கு வேளைகள் வருகின்றன. மார்கழி விடியலில் கோயில் பிராகாரத்தில் திருப்பாவை, திருவெம்பாவை பாடுகிற பிள்ளைகளுக்கு ஒரு வயலின் துணை இருந்தால் சுருதி விலகாது. சோமலிங்க சுவாமி கோயில் அடிவாரத்தில் அந்த நேரத்தில் மைக்கே தேவைப்படாது. நவராத்திரியில் கொலு வைத்த வீட்டுக் கூடத்தில் அரை மணி வாசிப்பு போதும். தைப்பூசத்துக்குப் பழநி பாதயாத்திரை போகிறவர்கள் நம் சாலை வழியாகத்தான் நடக்கிறார்கள். அன்னதானப் பந்தல்களில் குழாயில் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடுகிறது. காலில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு, சாயங்காலம் ஒரு மணி நேரம் காவடிச்சிந்து மெட்டுகளை வயலினில் வாசித்துப் பாருங்கள். குன்றக்குடியிலிருந்துதான் நகரத்தார் காவடி பழநிக்கு நடக்கிறது. அந்த ஊரில் பிறந்த வைத்தியநாதன் வயலினை எளிய ஜனங்களின் காதுக்குக் கொண்டுபோனதும் இந்த மாதிரி மெட்டுகளை வைத்துத்தான்.

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வயலின் புதிதில்லை. கோயிலில் பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்துவரும்போது கீபோர்டில் வாசிக்கிற கல்யாண மார்ச்சுகளை வயலினுக்கு மாற்றலாம். மெண்டெல்சன் 1842-ல் ஷேக்ஸ்பியர் நாடகத்துக்கென்று எழுதிய மார்ச் அவற்றில் ஒன்று. பூசை முடிந்து வெளியே வரும்போது பொருந்தும். சாமியாரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கும் பெரிய பட்டாளம் தேவையில்லை. ‘சைலன்ட் நைட்’ 1818-ல் ஆஸ்திரியாவில் ஒரு கிராமத்துக் கோயிலில் முதன்முதலில் பாடப்பட்டபோது துணைக்கு இருந்தது ஒரு கிதார் மட்டுமே.

சம்பளம் பேசும்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பேசுங்கள்: எத்தனை மணி நேரம், எத்தனை பேர், போக்குவரத்து யார் பொறுப்பு, அதிகப்படியாக அரை மணி வாசித்தால் எவ்வளவு. வெற்றிலை பாக்கோடு பாதியை அட்வான்ஸாகக் கொடுத்து, மீதியை வாசித்து முடித்த கையோடு கொடுத்துவிடுங்கள். மொய்க் கணக்கு முடியட்டும் என்று ராத்திரி பதினொரு மணி வரை காக்க வைக்காதீர்கள். கூட வருகிற மிருதங்கக்காரருக்கும் சேர்த்து முதல் பந்தியிலோ, வாசிப்பு முடிந்ததுமோ சாப்பாடு போட ஒரு ஆளைச் சொல்லி வையுங்கள். பங்காளிகளில் ஒருவரை அன்றைக்கு வித்வானுக்கென்று ஒதுக்கிவிட்டால், தண்ணீர், பிளக் பாயின்ட், மேடையில் ஓடுகிற குழந்தைகள் எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார்.

கடைசியாக ஒரு வேலை, செலவே இல்லாதது. பத்திரிகை அச்சுக்குப் போகும்போது, “மாலை 7 மணிக்கு வரவேற்பு” என்ற வரிக்கு மேலே “மாலை 5.30 மணிக்கு வயலின் இசை” என்று தனியாக ஒரு வரி போடுங்கள், வித்வான் பேரும், கூட வாசிப்பவர் பேரும் சேர்த்து. நம் ஜனங்கள் ஏழு மணி என்று போட்டால் ஏழரைக்குத்தான் வருவார்கள். ஐந்தரை என்று ஒரு வரி இருந்தால், பாட்டு கேட்கிற ஆசை உள்ளவர்கள் ஆறு மணிக்குள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்த ஐம்பது பேர் முன்வரிசையில் இருந்தால் பின்னால் வருகிறவர்களும் பேச்சைக் குறைத்துக்கொண்டு உட்காருவார்கள். அச்சகத்தில் புரூப் பார்க்கிற அன்றைக்கே அந்த வரி இருக்கிறதா என்று சரிபார்த்துவிடுங்கள்.



கன்னிவாடியிலிருந்து ஒரு வயலின் வாத்தியார்